முன்பு 168, பின்பு 149: இதை மாற்றம் என்று எழுதலாமா?

திருகோணமலையில் இறுதியாண்டு ஆய்வு செய்யும் ஒரு மாணவி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். தம்பலகாமக் குடாவின் ஓரத்தில் கண்டல் கன்றுகள் நட்ட ஓர் இடத்தில், நடுவதற்கு முன் செப்டெம்பரில் ஒருதரமும் பிறகு பெப்ரவரியில் ஒருதரமும் நீர் எடுத்து அளந்திருக்கிறார். நைத்திரேற்று லீற்றருக்கு 1.2 மில்லிகிராமில் இருந்து 0.7 ஆகக் குறைந்திருக்கிறது. அவருடைய அறைத்தோழி சித்த மருத்துவம் படிக்கிறவர். சீனி வருத்தம் உள்ள 20 பேருக்கு எட்டு வாரம் ஒரு கசாயம் கொடுத்ததில், வெறும் வயிற்றுச் சீனி சராசரியாக டெசிலீற்றருக்கு 168 மில்லிகிராமிலிருந்து 149க்கு இறங்கியிருக்கிறது. இருவருக்கும் ஒரே சந்தேகம்: வித்தியாசத்தை எழுதுவதா, சதவீதத்தை எழுதுவதா, எந்தப் புள்ளியியல் சோதனையைப் போடுவது?

சதவீதக் கதையைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் நிற்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. கன்று நடாமல், கசாயம் கொடுக்காமல் விட்டிருந்தால் இந்த எண்கள் எவ்வளவு நகர்ந்திருக்கும்? அந்த நகர்வின் அளவு கையில் இல்லாதவரை, எந்தச் சோதனையைப் போட்டாலும் கிடைக்கிற பி பெறுமானம் (தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வரக்கூடிய வாய்ப்பு) எதைப் பற்றியது என்றே சொல்ல முடியாது. நான் கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒரு கேள்வியின் கிளைகள்தான்.

முதலில் குடா. திருகோணமலை மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு, ஐப்பசி முதல் தை வரைக்குள் கொட்டித் தீர்வது. செப்டெம்பர் என்பது வறண்ட கச்சான் காலத்தின் வால். பெப்ரவரி மாரி ஓய்ந்த கையோடு வருவது. நீங்கள் அளந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் ஓர் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் பெய்து முடிந்துவிட்டது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் வடிநீர் இந்தப் பக்கம்தான் இறங்குகிறது. செப்டெம்பரில் சிறுபோகம் முடிந்த வயல், பெப்ரவரியில் பசளை போட்டு வளர்த்து அறுவடைக்கு நிற்கும் பெரும்போக வயல். உவர்த்தன்மை, கலங்கல், நைத்திரேற்று மூன்றுமே இந்த இடைவெளியில் கண்டல் இருந்தாலும் மாறும், இல்லாவிட்டாலும் மாறும். எந்தப் பக்கம் மாறும் என்பதைக்கூட முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெள்ளம் வயலில் கிடந்த பசளையைக் கொண்டுவரவும் செய்யும், குடாவில் கிடந்ததைக் கடலுக்குக் கழுவிக்கொண்டு போகவும் செய்யும்.

இந்தச் சிக்கலை அழகாகக் கையாண்டவர் அமெரிக்க விஞ்ஞானி சாள்ஸ் கீலிங். 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை அளக்கத் தொடங்கினார். அது ஆண்டுக்குள்ளேயே பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 6 பங்கு ஏறி இறங்கியது. ஆண்டுக்கு ஆண்டு ஏறியதோ அந்தக் காலத்தில் 1 பங்குக்கும் குறைவு. மே மாதம் ஒருதரம், செப்டெம்பரில் ஒருதரம் என்று மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால் காபனீரொட்சைட்டு குறைகிறது என்று அவர் எழுதியிருப்பார். அவர் தொடர்ச்சியாக அளந்தார், மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிட்டார். இன்னொன்றும் செய்தார், அதைப் பலரும் சொல்வதில்லை: செறிவு திட்டமாகத் தெரிந்த வாயுக்களை உருளைகளில் வைத்துக்கொண்டு, கருவியை அவற்றோடு விடாமல் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். கருவி மெல்ல நகர்வதும் உலகம் மெல்ல நகர்வதும் வரைபடத்தில் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துக் காட்டுவது அந்த உருளைகள்தான்.

பருவத்தை விடுங்கள், ஒரே நாளுக்குள்ளேயே நீர் மாறுகிறது. கரைந்த ஒட்சிசனை எடுத்துப் பாருங்கள். கடற்புல்லும் அல்காவும் உள்ள ஆழமற்ற நீரில் அது விடியுமுன் மிகக் குறைவாக இருக்கும், பின்னேரம் உச்சத்துக்கு வரும். பிஎச்சும் கூடவே ஏறும். செப்டெம்பரில் காலை ஏழு மணிக்கு வள்ளம் கிடைத்தது, பெப்ரவரியில் இரண்டு மணிக்குத்தான் கிடைத்தது என்றால், உங்கள் அட்டவணையில் இருப்பது வள்ளக்காரரின் நேரசூசி. இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது என்பதால் பலரும் அதைக் குறிப்பதே இல்லை. ஆனால் குடாவின் ஒடுங்கிய வாயருகே அந்தச் சிறிய பெருக்கே கடல்நீரா வடிநீரா என்பதைத் தீர்மானித்துவிடும்.

அப்புறம் போத்தல். நைத்திரேற்றுக்கு எடுத்த நீரை உடனே குளிரில் வைத்து, 48 மணித்தியாலத்துக்குள் அளக்கவேண்டும் என்பது வழக்கமான விதி. நீருக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் போத்தலுக்குள்ளும் சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒருமுறை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், மறுமுறை இராப் பஸ்ஸில் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பி, அங்கே இரண்டு நாள் மேசையில் கிடந்திருந்தால் இரண்டும் ஒரே அளவீடு அல்ல. உப்பையும் மறக்காதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் தயாரித்த நியமக் கரைசல்களை வைத்துக்கொண்டு உவர்நீரை அளக்கும்போது சில நிறமானி முறைகள் சற்று விலகும். உங்கள் செப்டெம்பர் நீர் உப்பு, பெப்ரவரி நீர் மாரி கலந்து உப்புக் குறைந்திருக்கும். அந்த விலகல் மட்டுமே ஒரு போலி மாற்றத்தைச் செய்துவிடப் போதும்.

இதற்கு நான் சொல்லும் பரிகாரம் மலிவானது. அடுத்தமுறை போகும்போது ஒரே இடத்தில் சில நிமிட இடைவெளியில் மூன்று போத்தல் எடுங்கள். அவற்றில் ஒன்றை ஆய்வுகூடத்தில் மூன்றாகப் பிரித்து, மூன்றையும் தனித்தனி மாதிரிபோலப் பெயரிட்டு அளக்கக் கொடுங்கள். அடுத்த நாளும் அதே நேரத்தில் அதே இடத்தில் எடுங்கள். பிரித்த மூன்றுக்குள் உள்ள வித்தியாசம் ஆய்வுகூடத்தின் சத்தம். மூன்று போத்தல்களுக்குள் கூடுதலாக வருவது இடத்தின் சத்தம். நாளுக்கு நாள் வருவது நீரின் சத்தம். இந்தக் கடைசி எண் 0.4 என்று வந்தால், உங்கள் 0.5 குறைவைப் பற்றி மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

இதே பிழையின் பெரிய வடிவம் ஒன்றும் நம் கண்முன் நடந்தது. 2021 மே அளவில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்து, நவம்பரில் அதைக் கைவிட்டது. வாய்க்கால் நைத்திரேற்றுக்கு இது கிடைத்தற்கரிய இயற்கைப் பரிசோதனை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2020ஐயும் 2021ஐயும் வெறுமனே ஒப்பிட்டால் இரண்டு ஆண்டுகளின் மழை வித்தியாசம், விதைத்த பரப்பின் வித்தியாசம், பழைய கையிருப்பை யார் எவ்வளவு வைத்திருந்தார் என்பது எல்லாம் தடையின் கணக்கில் விழுந்துவிடும். பசளையே காணாத காட்டுப்பகுதி ஓடை ஒன்றை அதே நாட்களில் அளந்து வைத்திருந்தவருக்குத்தான் அந்த ஆண்டு ஏதாவது சொல்லும்.

சரி, தோழியின் 168க்கும் 149க்கும் வருவோம். இங்கேயும் போத்தல் கதைதான், பெயர்தான் வேறு. சாதாரணக் குழாயில் எடுத்து அறை வெப்பத்தில் விட்ட இரத்தத்தில் குளுக்கோசு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் குறையும், ஏனென்றால் இரத்தக் கலங்கள் அதை எரித்துக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் எடுத்த இரத்தத்தை உடனே சுழற்றிப் பிரித்து, எட்டாம் வாரம் எடுத்ததை இரண்டு மணித்தியாலம் காத்திருக்க விட்டிருந்தால், 11 சதவீதக் குறைவு கசாயம் இல்லாமலே கிடைத்திருக்கும். இந்த எரிப்பைத் தடுக்கவென்று புளோரைட்டுச் சேர்த்த குழாயும் இதை உடனே நிறுத்துவதில்லை. முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் குறைவு தொடரும். விரலில் குத்திப் பார்க்கும் மீற்றர் என்றால் வேறு கணக்கு. 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தரம் கேட்பதே, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகள் உண்மையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பதைத்தான். நல்ல மீற்றரும் 168 உள்ளவருக்கு 149 என்று காட்ட அனுமதி உண்டு.

ஒரு தனி ஆளில் எவ்வளவு மாறினால் அதை மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்? மருத்துவ ஆய்வுகூடக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மாற்றமும் இல்லாத ஆளின் வெறும் வயிற்றுச் சீனி நாளுக்கு நாள் ஏறக்குறைய 5 சதவீதம் ஆடும். கருவியின் ஆட்டம் 3 சதவீதம் என்று வையுங்கள். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 5.8. நீங்கள் பார்ப்பது இரண்டு அளவுகளின் வித்தியாசம், இரண்டுமே ஆடுகின்றன, ஆகவே 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கவேண்டும். 95 சதவீத நம்பிக்கைக்கு 1.96ஆல் பெருக்கவேண்டும். மொத்தமாக 2.77 மடங்கு, அதாவது 16 சதவீதம். ஒரு நோயாளிக்கு 168 இருந்தது 149 ஆனது என்பதை வைத்து, அந்த ஆளில் ஏதோ நடந்துவிட்டது என்று சொல்ல இது போதாது.

இருபது பேரின் சராசரி என்றால் நிலைமை மேல். எழுமாறான ஆட்டம் 20இன் வர்க்கமூலத்தால், ஏறக்குறைய நாலரை மடங்கு, சுருங்கிவிடும். ஆனால் சுருங்குவது எழுமாறான ஆட்டம் மட்டும்தான். எல்லாக் குழாய்களும் இரண்டு மணித்தியாலம் காத்திருந்த வழு இருபது பேரிலும் ஒரே பக்கம் நிற்கும். இருநூறு பேரைச் சேர்த்தாலும் அசையாது. ஆட்களைக் கூட்டினால் எல்லாம் சரிவரும் என்ற நம்பிக்கையை நான் அடிக்கடி காண்கிறேன். அது பாதிதான் சரி.

இப்போது உண்மையில் ஆபத்தான இடம். தோழி எப்படி அந்த இருபது பேரைத் தெரிவுசெய்தார்? கிளினிக்குக்கு வந்தவர்களில் அன்றைக்குச் சீனி 150க்கு மேல் இருந்தவர்களை என்றால், அன்றைக்கு உண்மையாகவே கூடியவர்களும் உண்டு, அன்றைக்கு மட்டும் தற்செயலாகக் கூடியிருந்தவர்களும் உண்டு. இரண்டாம் தரம் அளக்கும்போது அந்தத் தற்செயல் திரும்ப வராது. சராசரி தானாக இறங்கும். 1886இல் பிரான்சிஸ் கால்ற்றன் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டபோது எழுதியது இதைத்தான்: மிக உயரமானவர்களின் பிள்ளைகள் உயரம்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. சராசரிக்குத் திரும்பல் என்பது இதன் பெயர். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளினிக்கின் முழுச் சராசரி 140, தெரிவானவர்களின் சராசரி 168, இரண்டு அளவுகளுக்கும் இடையிலான இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு, முழுதாகச் சேர்ந்தால் 1) 0.7 என்று வைத்தால், ஒன்றுமே கொடுக்காமல் எதிர்பார்க்கும் இரண்டாவது சராசரி 140 கூட்டல் 28இன் 0.7 பங்கு. ஏறக்குறைய 160. இறங்கிய 19இல் 8 இப்படியே போய்விட்டது. மீதி 11இல் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் (ஆய்வில் சேர்ந்தவர் கொஞ்சம் கவனமாகத்தான் சாப்பிடுவார்), வழக்கமான சீனி மருந்தான மெற்போமினை ஒழுங்காக விழுங்கியதும், நாள்காட்டியும் பங்கு கேட்கும். நாள்காட்டி என்று சொல்வது விளையாட்டுக்கல்ல. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் ஆட்களும் ஆய்வில் இருந்தால் இரண்டில் ஒரு அளவீடு நோன்பு மாதத்தில் விழுந்ததா என்று பார்க்கவேண்டும். தமிழருக்குத் தைப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் இருக்கின்றன.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி: தொடக்கத்தில் சீனி கூடியவர்களுக்குத்தான் மருந்து கூடுதலாக வேலைசெய்தது என்று காட்டும் வரைபடம். ஒரு அச்சில் தொடக்க அளவு, மற்றதில் மாற்றம். மாற்றம் என்பதற்குள்ளேயே தொடக்க அளவு ஒளிந்திருக்கிறது. முற்றிலும் எழுமாறான இரண்டு நிரல் எண்களை எடுத்துப் போட்டாலும் இந்த வரைபடம் அழகான சாய்கோட்டைத் தரும். தோழியின் அறிக்கையில் அப்படி ஒன்று இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கண்டல் விடயத்திலும் இதன் உறவு உண்டு. எந்த ஓரம் அந்த மாதம் மிக அழுக்காக இருந்ததோ அதைத் தெரிவுசெய்து கன்று நட்டிருந்தால், அந்த ஓரம் அடுத்த அளவீட்டில் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும்.

சதவீதம். கூட்டிப் பார்த்தால் இது சமச்சீர் இல்லாத அளவு. 40 இலிருந்து 60க்குப் போனால் 50 சதவீத ஏற்றம், அதே வழியில் திரும்பி வந்தால் 33 சதவீத இறக்கம். ஒரு இடத்தில் நைத்திரேற்று இரட்டித்து இன்னோர் இடத்தில் பாதியானால், சதவீதங்களின் சராசரி 25 சதவீத ஏற்றம் என்று சொல்லும். மடக்கை எடுத்து விகிதத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து பூச்சியம் வரும், நியாயமும் அதுதான். செறிவு, பற்றீரியா எண்ணிக்கை, மரபணு வெளிப்பாடு போன்று பெருக்கல் முறையில் ஏறி இறங்கும் எதற்கும் மடக்கையே பொருத்தம். நீரின் மல மாசைக் காட்டும் கோலிபோம் பற்றீரியா எண்ணிக்கையைக் குழாய் முறையில் (எத்தனை குழாயில் வளர்ந்தது என்று எண்ணி அட்டவணையில் பார்த்து) மதிப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். ஐந்து குழாய் அட்டவணையில் ஒரு விடையின் 95 சதவீத எல்லை, ஏறக்குறைய அதன் மூன்றில் ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை விரிகிறது. கிணற்று நீர் 1600இலிருந்து 900 ஆனது என்று மகிழ்வதில் அர்த்தமில்லை.

சில அளவுகளுக்குச் சதவீதமே பொருந்தாது. கன்னியாவில் ஒரு வெந்நீர்க் கிணறு 40 பாகை செல்சியசிலிருந்து 42 ஆனால் 5 சதவீத ஏற்றமா? அதையே பரனைற்றில் எழுதினால் 104இலிருந்து 107.6, அதாவது 3.5 சதவீதம்தான். கிணறு ஒன்று, சதவீதம் இரண்டு. அந்த அளவுத்திட்டத்தின் பூச்சியம் நாமாக வைத்த பூச்சியம் என்பதால் வரும் வினை. பிஎச்சும் அப்படியே, அது ஐதரசன் அயன் செறிவை மடக்கையில் எழுதுவது. கடல்மேற்பரப்பு நீர் கைத்தொழிற் புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்து இப்போது 8.1 அளவுக்கு வந்திருக்கிறது. ஒரு சதவீதச் சொச்சம் என்று எழுதினால் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். ஐதரசன் அயனாகப் பார்த்தால் ஏறக்குறைய 26 சதவீதம் கூடியிருக்கிறது.

எந்த அளவில் மாற்றத்தைச் சொல்கிறோம் என்பது நோயாளிக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் இரத்தக் கழிவான கிரியேட்டினினை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நம் மாவட்டத்திலேயே பதவி சிறிபுரப் பக்கம், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள குடும்பங்கள் வருடக்கணக்காக இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள். கிரியேட்டினின் 1இலிருந்து 2 ஆவதும் 4இலிருந்து 5 ஆவதும் வித்தியாசமாக எழுதினால் ஒன்றேதான். ஆனால் வடிகட்டும் திறன் ஏறக்குறைய கிரியேட்டினினுக்கு நேர்மாறு விகிதத்தில் போவது. முதலாவது ஆள் தன் திறனில் பாதியை இழந்துவிட்டார். இரண்டாவது ஆள் கால் பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு வந்திருக்கிறார், முதலில் இருந்த முழுத் திறனில் 5 சதவீதம் மட்டும் போயிருக்கிறது. முதலாமவரின் எண் பார்வைக்குச் சாதுவாக இருப்பதுதான் பயங்கரம். இதிலும் முறை மாறினால் எண் மாறும். பழைய ஜாபே முறை கிரியேட்டினின் அல்லாத சில பொருட்களையும் சேர்த்து எண்ணும், நொதிய முறை அப்படிச் செய்வது குறைவு. இடையில் ஆய்வுகூடம் முறையை மாற்றியிருந்தால் அந்தத் திகதியில் கிராமம் முழுக்கச் சிறுநீரகம் தேறியதுபோலத் தோன்றும். பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரே மாதிரிகளைச் சிலகாலம் சமாந்தரமாக அளக்காமல் இரண்டு காலத்துத் தரவையும் ஒரே கோட்டில் இணைக்கக்கூடாது.

இப்போது சோதனை. மருந்து கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழு ஒன்று இருந்து, ஆட்களை எழுமாறாகப் பிரித்திருந்தால், வித்தியாசத்தையும் சதவீதத்தையும் விட நல்ல வழி ஒன்று உண்டு: பின் அளவை விளைவாக வைத்து, முன் அளவையும் குழுவையும் விளக்கிகளாக வைத்துச் செய்யும் இணைமாறற் பகுப்பாய்வு. புள்ளியியலாளர்கள் விக்கர்ஸ், ஒல்ற்மன் இருவரும் 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இதைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதினார்கள். காரணம் கணக்கிலேயே தெரியும். பின் அளவின் மாறற்றிறனை (அது எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவை) 1 என்று வைப்போம். முன் பின் அளவுகளின் இணைபு 0.3 என்றால் வித்தியாசத்தின் மாறற்றிறன் 1.4. அதாவது முன் அளவைக் கழித்ததால் ஆட்டம் கூடியிருக்கிறது, கழிக்காமல் பின் அளவை மட்டும் ஒப்பிட்டிருக்கலாம். இணைமாறற் பகுப்பாய்வில் அது 0.91. இணைபு 0.8 என்றால் வித்தியாசத்துக்கு 0.4, இணைமாறற் பகுப்பாய்வுக்கு 0.36. எந்த இணைபிலும் பின்னது தோற்பதில்லை. தொடக்க அளவிலிருந்து சதவீத மாற்றம் என்பது பெரும்பாலும் இந்த வரிசையில் கடைசியில் நிற்பது.

ஆனால் எழுமாறாகப் பிரிக்காத குழுக்களுக்கு இதைக் கண்மூடிப் பயன்படுத்தாதீர்கள். 1967இல் பிரெடரிக் லோர்ட் காட்டிய புதிர் இதுதான்: தொடக்கத்திலேயே வேறுபட்ட இரண்டு குழுக்களில், வித்தியாசம் பார்ப்பவர் ஒன்றுமில்லை என்பார், இணைமாறற் பகுப்பாய்வு செய்பவர் ஏதோ இருக்கிறது என்பார், ஒரே தரவை வைத்துக்கொண்டு. குடாவின் இரண்டு ஓரங்கள் அப்படிப்பட்ட குழுக்கள்.

அறிக்கைகளில் நான் மிகக் கூடுதலாகக் காணும் தவறும் இங்கேயே வருகிறது. மருந்துக் குழுவில் முன்பின் ஒப்பீட்டுக்கு பி 0.03, கட்டுப்பாட்டுக் குழுவில் 0.20, ஆகவே மருந்து வேலைசெய்தது. இல்லை. ஒரு குழு கோட்டைத் தாண்டி மற்றது தாண்டவில்லை என்பது இரண்டுக்கும் இடையே வித்தியாசம் உண்டு என்பதற்குச் சான்றாகாது. இரண்டு குழுக்களையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒப்பிடும் ஒரே சோதனைதான் அதைச் சொல்லும்.

கண்டலுக்குப் பொருந்துவது முன்பும் பின்பும், நட்ட இடத்திலும் நடாத இடத்திலும் அளக்கும் திட்டம். நட்ட ஓரத்தின் மாற்றத்திலிருந்து நடாத ஓரத்தின் மாற்றத்தைக் கழித்தால் மாரிமழை இரண்டிலிருந்தும் கழிந்துவிடும். முன்பு ஒருதரம், பின்பு ஒருதரம் என்பது இதற்குப் போதாது. பலதரம் வேண்டும், நடாத இடமும் ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் அந்த ஓரங்கள் தமக்குள் எவ்வளவு ஆடுகின்றன என்பது தெரியும். ஒரே ஓரத்தில் முப்பது போத்தல் எடுத்து, மாதிரி எண்ணிக்கை முப்பது என்று எழுதுவதும் உதவாது. கன்று நட்டது ஒரு ஓரத்தில், ஆகவே எண்ணிக்கை ஒன்று. சூழலியலாளர் ஹேர்ல்பேட் 1984இல் இதற்குப் போலிப் பிரதி என்று பெயர் வைத்தார். அவர் எடுத்துப் பார்த்த சூழலியல் பரிசோதனைகளில், புள்ளியியல் சோதனை போட்டவற்றில் ஏறக்குறைய பாதி இந்தக் குழியில் விழுந்திருந்தன. எலிகளை வைத்து ஆய்வு செய்கிறவர்களும் சிரிக்கவேண்டாம். ஒரே கூட்டில் ஆறு எலி, அந்தக் கூட்டுக்கு ஒரு மருந்து என்றால் அதுவும் இதே கதைதான்.

கண்டுபிடிக்கும் எல்லைக்கு (கருவியால் காணக்கூடிய மிகச் சிறிய அளவுக்கு) கீழே என்று வரும் முடிவுகளுக்குப் பூச்சியம் போடாதீர்கள், எல்லையின் பாதியும் போடாதீர்கள். முதலாம் ஆண்டு கருவியின் எல்லை 0.5, இரண்டாம் ஆண்டு 0.05 என்றால், பாதி போடும் வழக்கம் பத்து மடங்கு வீழ்ச்சியைத் தானே தயாரித்துத் தரும். எல்லைக்குக் கீழ் எத்தனை என்ற எண்ணிக்கையைத் தனியாக எழுதி, இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) பார்ப்பதே இந்த அளவு ஆய்வுக்குப் போதும்.

உங்கள் இருவருக்கும் இப்போது என்ன செய்யலாம்? தோழிக்கு வழி இருக்கிறது. அடுத்துச் சேரும் ஆட்களை எழுமாறாக இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே கசாயம், மறு பாதிக்கு எட்டு வாரம் கழித்து என்று வைக்கட்டும். அனுமதிக் குழுவிடம் திருத்திய திட்டத்தைக் காட்டித்தான். வழக்கமான மருந்தை யாருக்கும் நிறுத்தக்கூடாது. தெரிவுக்கு எடுத்த அளவைத் தொடக்க அளவாகப் பயன்படுத்தாமல், ஒரு வாரம் கழித்து வேறொன்றை எடுக்கட்டும். இதுவரை உள்ள 20 பேரின் தரவை, சராசரி வித்தியாசமும் அதன் 95 சதவீத எல்லையும் போட்டு, கட்டுப்பாட்டுக் குழு இல்லாத முன்னோடி அவதானிப்பு என்று வெளிப்படையாக எழுதலாம். மேற்பார்வையாளர் சதவீதம் கேட்டால் 168, 149 இரண்டுக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் போடுங்கள், தனியாக மட்டும் நிற்க விடாதீர்கள்.

உங்கள் நைத்திரேற்று விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்வேன். ஐந்து மாதக் கண்டல் கன்றுகள் சில நூறு, குடாவின் ஓர் ஓரத்து நீரின் நைத்திரேற்றை மாற்றும் என்று எதிர்பார்ப்பதே பொருந்தாது. வேர் அவ்வளவு இல்லை, சேறு இன்னும் பழைய சேறுதான். அந்தக் காலத்துக்குள் மாறக்கூடியது கன்றுகள்தான். ஒவ்வொன்றிலும் இலக்கமிட்ட தகடு கட்டி, அதே கன்றின் உயரத்தையும் இலை எண்ணிக்கையையும் மாதாமாதம் அளந்தால், ஒவ்வொரு கன்றும் தனக்குத் தானே ஒப்பீடாக இருக்கும், நாளுக்கு நாள் ஆட்டமும் மிகக் குறைவு. எத்தனை செத்தன என்பதும் சேர்ந்து கிடைக்கும். உயரத்தைச் சேற்றிலிருந்து அளக்காதீர்கள், மாரி வெள்ளம் சேற்றைக் கூட்டும் குறைக்கும். தண்டில் முதற் கணுவுக்குக் கீழே பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து அளவெடுங்கள். நீர் அளவீட்டையும் தொடருங்கள், நடாத இரண்டு ஓரங்களோடு சேர்த்து, மாதம் இருமுறை, ஒரே மணிக்கு. நேரம், வற்றா பெருக்கா, முந்திய மூன்று நாள் மழை, போத்தல் பெட்டிக்குள் போன நேரம், ஆய்வுகூடத்தில் வெளியே எடுத்த நேரம் எல்லாவற்றுக்கும் தாளில் ஒரு நிரல் வையுங்கள்.